மூன்றுக்கு ஒன்று

இந்தப் பால்காரனுக்கு மட்டும் எப்படி ஒன்றுமே ஆவதில்லை? நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இன்னும் ஊற்றுகிறான். அந்தத் தண்ணீரைக் குழாயில் பிடித்தானா, குட்டையில் மொண்டானா, யாரும் கேட்டதில்லை. அதைக் குடித்த குழந்தைக்கு வயிற்றால் போனதா என்றும் கேட்டதில்லை. அவனிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. எத்தனை சதவீதம் லாபம், ஐயா?

அவள் மனதுக்குள் இது ஓடிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தது. பாலும் தண்ணீரும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த கலவை பன்னிரண்டு லிட்டர். அதில் தண்ணீர் எவ்வளவு? கலவையைப் பாலின் அடக்க விலைக்கே விற்றால் லாப சதவீதம் என்ன?

எழுதி முடித்து விரல்களைப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் உதிராமல் விரல் நுனியில் பசைபோல ஒட்டியிருந்தது. இந்த அறையில் எதைத் தொட்டாலும் அப்படித்தான். கீழே அக்கா வீட்டுக்காரரின் எண்ணெய்க் கடை. அங்கிருந்து ஏறிவரும் எண்ணெய்க் காற்று மாடிப்படியின் கைப்பிடியில், ஜன்னல் கம்பியில், பெஞ்சின் விளிம்பில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. மாணவர்களின் நோட்டுகளில் விழும் கறை வழியாக அடுத்த பக்கத்துக் கணக்கு தெரியும். மாலையில் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் தலையணையில் அந்த வாடை வந்துவிடும். ஆனாலும் இது அவளுடைய அறை. கணவனை விட்டுவிட்டு வந்த பிறகு, அக்கா வீட்டில் இன்னொரு வாயாக உட்கார்ந்திருந்தவளுக்கு, வாடகை வேண்டாம் என்று அத்தான் திறந்துவிட்ட அறை. வேலைக்கான தேர்வு எழுதுகிறவர்கள் கணக்குக்கென்று அவளைத் தேடி வந்தார்கள். உலகத்தில் அவள் கதவைத் திறந்து, அவளே சாவியால் பூட்டுகிற இடம் இது ஒன்றுதான்.

"யாரு சொல்றீங்க?"

முன் பெஞ்சில் இருந்த டிப்போக்காரர் கையைத் தூக்கினார். பஸ் டிப்போவில் டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலை. வகுப்பிலேயே வயதில் மூத்தவர், முதலில் கை தூக்குகிறவர், முதலில் தப்பாகச் சொல்கிறவர்.

"நாலு லிட்டர் தண்ணி, மிஸ்."

"எப்படி?"

"மூணுக்கு ஒண்ணுன்னா மூணுல ஒண்ணு. பன்னெண்டுல மூணுல ஒரு பங்கு நாலு."

"இதோட எத்தனையாவது தடவை? பங்கைக் கூட்டணும். பாலு மூணு, தண்ணி ஒண்ணு, மொத்தப் பங்கு நாலு. நாலுல ஒண்ணுதான் தண்ணி. பன்னெண்டுல மூணு லிட்டர்."

"ஒரு லிட்டர் தண்ணி கூடப் போச்சுன்னு வெச்சுக்குங்க, யாரு செத்தா போயிடப் போறாங்க?"

வகுப்பு சிரித்தது. "உங்களுக்குப் பால் ஊத்தறவர் கிட்ட போய்ச் சொல்லுங்க, சந்தோஷப்படுவார்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, டிப்போக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனாலும் ஏனோ இன்று காலையிலிருந்தே இந்தப் பால்காரன் மேல் வந்த அருவருப்பு போகவில்லை. புத்தகம் பூராவும் இவன் உறவுக்காரர்கள்தான். தராசில் கல்லைக் குறைத்து வைக்கும் கடைக்காரன், விலையை ஏற்றி எழுதிவிட்டுத் தள்ளுபடி தருகிறவன், நல்ல அரிசியோடு மட்ட அரிசியைக் கலக்கிறவன். இவர்களுக்கு முகம் கிடையாது. ஒருவனும் பிடிபடுவதில்லை. இவள்தான் இவர்களுக்கெல்லாம் குமாஸ்தாபோல உட்கார்ந்து, எவ்வளவு மிச்சம் என்று சரிபார்த்துக் கொடுக்கிறாள்.

அடுத்து கலவைக் கணக்கு. இரண்டு விலைகளை மேலே எழுதி, வேண்டிய விலையை நடுவில் எழுதி, குறுக்கே இரண்டு கோடு போட்டுக் கழித்தால் விகிதம் கீழே வந்து நிற்கும். கோடுகள் கத்தரிக்கோல் மாதிரி இருப்பதால் மாணவர்கள் அந்த முறைக்குக் கத்தரி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவளுக்கே கத்தரி மிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது விடுதிப் பெண் தயங்கி நின்றாள். அடுத்த தெருவில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியிலிருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள்.

"மிஸ், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கணக்கா?"

"கணக்கு இல்ல. எங்க விடுதியில கொஞ்ச நாளா எதைப் பொரிச்சாலும் ஒரு நாத்தம். வாய்ல வெச்சா நாக்குல ஒட்டிக்குது. ரெண்டு பேருக்கு வாந்தி. எங்கேயோ மோந்த வாடையா இருக்கே, எங்கேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குப் படியேறும்போதுதான் பிடிபட்டுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க மாடிப்படி வாடை மிஸ்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த டிப்போக்காரர், "கத்தரி போட்டுப் பாரு, விடுதி எவ்வளவு மாடிப்படி எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்துவிட்டு ஓடினார்.

அவள் பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார். "ஒரு கணக்கு சொல்லேன் பார்க்கலாம். ஒரு எண்ணெய் லிட்டர் நூத்தி இருபது. இன்னொண்ணு நாப்பது. ரெண்டையும் கலந்தா அடக்கம் நூறு ஆகணும். எப்படிக் கலக்கறது?" அத்தான் அவளிடம் எதையும் கேட்டவரில்லை. கேட்டதே ஒரு மரியாதையாக இருந்தது. தட்டின் ஓரத்தில் ஈர விரலால் எழுதினாள். நூற்றிருபது, நாற்பது, நடுவில் நூறு. குறுக்கே இரண்டு கோடு. அறுபது, இருபது. "மூணுக்கு ஒண்ணு அத்தான். நூத்தி இருபத்தஞ்சுக்கு வித்தா இருபத்தஞ்சு சதவீதம் லாபம்." அவர் கேட்காத லாபத்தையும் சேர்த்துச் சொன்னாள். அக்காகூட, "பார்த்தீங்களா, என் தங்கச்சி மூளையை" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

நாற்பதுக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும்? நல்ல எண்ணெயின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறவன் எதை விற்கிறான்? அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. கணக்கில் அது இல்லையே.

அறையைப் பூட்டிவிட்டுக் கீழே போனாள். முன் பக்கம் கடை பளிச்சென்று இருக்கும். மஞ்சள் டின்களை அடுக்கி வைத்து விளக்குப் போட்டிருப்பார்கள். அவள் கடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். இத்தனை வருஷத்தில் பின் பக்கத் தகரக் கொட்டகைக்குள் அவள் காலடி வைத்ததில்லை. வாசலிலேயே காற்று கனத்தது. மூக்கை மூடினால் வாய் வழியாக உள்ளே வந்தது. தரையில் வைத்த காலைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சப்பென்று ஒரு சத்தம் போட்டது.

"டீச்சரம்மாவா? வழி தவறி வந்துட்டீங்களா?"

பீப்பாய் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள். பீப்பாய்களுக்கு நடுவில் நின்றால் இன்னொன்றுபோல இருப்பான். ஒரு கறுத்த கேனைச் சாய்த்துத் துணி கட்டிய வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தான். கேனிலிருந்து இறங்கியது எண்ணெய் மாதிரியே இல்லை. கரும்பழுப்பாக, நூல் நூலாக இறங்கியது. துணியின்மேல் கருகிய துகள்கள் ஈரமண்போலக் குவிந்தன. அதில் ஒரு கரப்பான் கால்களைப் பரப்பிக்கொண்டு பளபளவென்று கிடந்தது. பீப்பாய் அதை இரண்டு விரலால் எடுத்து எறிந்துவிட்டு, விரலை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"இது எங்கேருந்து வருது?"

"ஓட்டல்ல பொரிச்சுப் பொரிச்சுக் கடைசியில கீழ கொட்டறது. முன்னெல்லாம் சோப்புக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. இப்ப நம்ம முதலாளி முந்திக்கிட்டார்." அதில் அவனுக்கு ஒரு பெருமை. "நாங்க முன்ன கண்ணால பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துவோம். இப்ப எல்லாம் கணக்கு. உங்க கணக்குதான் இங்க ஓடுது டீச்சரம்மா!"

பெரிய பீப்பாயின் மூடியைத் தட்டிக் காட்டினான். அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது. 3 : 1. அவள் வகுப்பிலிருந்து யாரோ எடுத்துவந்த சாக்பீஸ்தான். எண்ணெய் ஊறி எழுத்து தடித்து, கொழுத்துப்போயிருந்தது.

"எப்படி ஊத்தறீங்க?" என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று பிறகு யோசித்தாள்.

"மூணுக்கு ஒண்ணுல்ல? மூணு டின்னு எடுத்துக்குவோம். ரெண்டு நல்லது, ஒண்ணு இது. மூணுல ஒண்ணு. சரிதானே?"

"அது மூணுல ஒண்ணு இல்ல, மொத்தப் பங்கு..."

வாய் தானாகத் திறந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டாள். அதற்குள் தலை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. இரண்டு நூற்றிருபது இருநூற்று நாற்பது, ஒரு நாற்பது, மூன்றால் வகுத்தால் தொண்ணூற்று மூன்று சொச்சம். நூற்றிருபத்தைந்துக்கு விற்றால் கிட்டத்தட்ட முப்பத்து நான்கு சதவீதம். இருபத்தைந்து கிடைக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நான்கு. தவறாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார்கள்.

கரப்பானைப் பார்த்தபோது வராத அருவருப்பு இப்போது வந்தது. விடுதியில் இரண்டு பேர் வாந்தி எடுத்திருக்கிறார்கள், இவளுக்கு முதலில் வந்தது விகிதம் தப்பு என்ற கோபம். துணியின்மேல் குவிந்த அந்தக் கருப்பு ஈரத்தைத் தன் நாக்கின்மேல் யாரோ தடவியதுபோல இருந்தது. அவள் வெளியே வந்து, தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்தாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணுவதே அன்று பிடிக்கவில்லை.

வீட்டில் அக்கா உருளைக்கிழங்கைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தட்டைத் தொடாமல் இருந்தார். அது கெட்ட சகுனம். அவர் கோபம் வந்தால் கத்தமாட்டார், கேலி பேசுவார்.

"வாங்க டீச்சர். உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். சரக்கு பூரா திரும்பி வந்துருச்சு, தெரியுமா? விடுதி வார்டன் ஆள் வெச்சுத் தூக்கிட்டு வந்து கடை வாசல்ல போட்டுட்டுப் போறாங்க. நாலு பேர் பார்க்க."

"ஏன்?"

"ஏனா? உன் கணக்கு தப்பு, அதான் ஏன். நான் பாட்டுக்குக் கண்ணால பார்த்து ஊத்திக்கிட்டிருந்தேன். ஒரு பய மூக்கைச் சுளிக்கல. வீட்டுல கணக்கு டீச்சர் இருக்கும்போது நாம ஏன் முட்டாள் மாதிரி ஊத்தணும்னு கேட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். உன் கிட்ட படிக்கிறதுங்க எங்க உருப்படப் போகுது?"

"சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்" என்றாள் அக்கா. தங்கையின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள். எண்ணெய் மினுங்கியது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "இது அது இல்ல டி! நம்ம வீட்டுக்கு அது வரவே வராது. சத்தியமா. நான் வேற கடையில முத்திரை உடைக்காத பாட்டில்தான் வாங்கறேன். அவர் கடையிலேருந்து ஒரு சொட்டுகூட வாங்கறதில்ல."

அக்கா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். அடுப்பு மேடையில் அந்த பாட்டில் இருந்தது. அக்கா பேச்சை முடித்துவிட்டு, எதையோ துடைப்பதுபோலப் போய், அதன் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அப்படியென்றால் அக்காவுக்குத் தெரியும். வெகுநாளாகவே தெரியும். நல்ல மனசுக்காரி, தெருநாய்க்குச் சோறு வைக்காமல் தான் உட்காராதவள், தினமும் பத்தடி நடந்து வேறு கடைக்குப் போய் எண்ணெய் வாங்குகிறாள், தன் வீட்டுக்காரர் ஊரெல்லாம் எண்ணெய் விற்கும்போது. தங்கை ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்தாள். நல்ல எண்ணெய்தான், வாடையே இல்லை. அதனாலேயே அதைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

அத்தான் குரலை மாற்றினார். வியாபாரக் குரல். "இதோ பாரு. போனது போகட்டும். இப்ப பெரிய ஆஸ்பத்திரி கேன்டீன்லேருந்து கேட்டிருக்காங்க. நோயாளிங்களுக்கு, கூட இருக்கறவங்களுக்கு, நர்சுங்களுக்கு, எல்லாத்துக்கும் அங்கதான் சமையல். மாசா மாசம் எடுப்பாங்க. ஆனா அங்க மோந்து பார்த்து வாங்கறதுக்குன்னே ஒருத்தன் இருக்கான். இனிமே கண்ணால ஊத்தற வேலை ஆகாது. அளவு துல்லியமா இருக்கணும். மூடியில எழுதியிருக்கறபடிதான் ஊத்தறோம், ஆனா சரியா வரல. எங்க இடிக்குதுன்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."

"ரெண்டு நம்பர்தானே டி" என்றாள் அக்கா. "நீ மூச்சு விடற நேரத்துல போட்டுருவியே."

"சொன்னேன்னா மேல அந்த அறை என்னிக்கும் உனக்குத்தான். எழுதியே குடுத்துடறேன். இல்லேன்னா..." அத்தான் முதல் கவளத்தை எடுத்தார். "கண்ணாடிக் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். மூக்குக்கண்ணாடி விக்கறதுக்கு மாடி நல்லாயிருக்குமாம். நான்தான், வேண்டாம்பா, நம்ம பொண்ணு பொழைக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். நன்றாக மென்று சாப்பிட்டார்.

மூன்று சொல். நாலு டின்னுல ஒண்ணு. அவ்வளவுதான் அவளிடம் கேட்டது. அவள் நாக்கின் நுனியில் அது எத்தனை சுலபமாக உட்கார்ந்திருந்தது! அதைச் சொல்லிவிட்டால் அவள் கணக்கு தப்பில்லை என்று ஆகிவிடும். அறை அவளுடையதாகிவிடும். விடுதிக்குப் போனதைவிடக் குறைவாகத்தான் கலப்பார்கள், அதுவும் ஒரு நல்லதுதானே என்று மனசு ஒரு சமாதானத்தை நீட்டியது. அதை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதே வாடை. சரியான விகிதம் என்றால் அழுக்கு இல்லாமல் போவதில்லை. மோந்து பார்க்கிறவன் மூக்குக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். விடுதிப் பெண்களுக்காவது நாற்றம் தெரிந்தது. துப்பினார்கள். நோயாளிகளுக்கு அதுவும் இருக்காது. அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே நாற்றத்தை மூடாமல் விடுகிற அந்தப் பீப்பாய் ஆளின் தப்புக் கணக்குதான்.

"என்ன சொல்றே?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அந்த வார்த்தைக்காகவும் தன்மேல் அருவருப்பு வந்தது. யோசிக்க என்ன இருந்தது? அறை இருந்தது. ஜன்னல் ஓரத்து வெயில், பெஞ்சுகள், முதல் மாதம் அவளே வாங்கிய பலகை, கத்தரி மிஸ் என்ற பெயர், எல்லாம் இருந்தன. அத்தனையையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் அப்படிச் சொன்னது. எழுந்து கை கழுவினாள். சோப்பு போட்டுக் கழுவினாள். கழுவிய கையை மோந்து பார்த்தாள்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் இதுவரை வகுப்பு நடக்கும்போது மேலே வந்ததில்லை. வாசலில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி.

"படிங்க, படிங்க. ஒரு சின்ன சந்தேகம், உங்க மிஸ்ஸைக் கேட்டுட்டுப் போயிடறேன்."

நேராகப் பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார். அவள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினார். 120. 40. நடுவில் 100.

"நேத்தே சொல்றேன்னாங்க, சொல்லல. நீங்களே பாருங்க. ரெண்டு சரக்கு, இதுதான் விலை. இதுக்கு உங்க மிஸ் மூணுக்கு ஒண்ணுன்னு சொன்னாங்க. சரியா தப்பா?"

இந்த வகுப்பில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பேனாக்கள் ஓடின. எல்லார் நோட்டிலும் கத்தரிகள் விழுந்தன.

"சரிதான் சார்" என்றார் டிப்போக்காரர். "அறுபதுக்கு இருபது. மூணுக்கு ஒண்ணேதான்."

"சரியா இருந்தா செய்யும்போதும் சரியா வரணுமே? மூணு டின்னுல ஒரு டின் கலந்தோம். கெட்டுப்போச்சு. விடுதியிலேருந்து சரக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்ப தப்பு யாரு மேல? ஏட்டுச் சுரைக்காய் மாதிரி இருக்கு உங்க மிஸ் கணக்கு!"

விடுதி என்றதும் இரண்டாவது பெஞ்சில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். பலகையைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. படிக்கட்டை மோந்தது மாதிரி மோந்துவிட்டாள்.

டிப்போக்காரர் முகம் மலர்ந்தது. நேற்றுப் பட்ட அடி இன்று உதவுகிறது. "ஐயோ சார், அங்கதான் நீங்க..." என்று கையைத் தூக்கி எழுந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அந்தக் குரலில் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. டிப்போக்காரர் பாதி எழுந்த நிலையில் நின்றார். பின்னாலிருந்து விடுதிப் பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சொல்லுப்பா" என்றார் அத்தான். "அங்கதான் நான் என்ன?"

டிப்போக்காரர் மிஸ்ஸைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்ல சார். நான் எப்பவும் தப்பாத்தான் சொல்வேன். கேட்டுப் பாருங்க, வகுப்புல எல்லாரும் சொல்வாங்க." உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அத்தான் சாக்பீஸை அவளிடம் நீட்டினார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "பசங்க முன்னால மானத்தை வாங்கணும்னு எனக்கு ஆசையில்ல. எங்க தப்புன்னு போட்டுக் காட்டு. உன் வகுப்பு உனக்கு. கீழ கண்ணாடிக் கடைக்காரன் வந்து உட்கார்ந்திருக்கான், அவனை அப்படியே அனுப்பிச்சுடறேன்."

அவள் சாக்பீஸை வாங்கினாள். அவர் விரல் பட்ட இடம் வழவழவென்றிருந்தது. பலகையில் மூன்று எண்கள் நின்றன. குறுக்குக் கோடுகள் போடப்படாமல், கத்தரிக்குக் காத்திருப்பதுபோல. அவள் கை தானாகவே போடும். தூக்கத்தில்கூடப் போடும். அந்தக் கணக்குக்குக் கீழே எழுத வேண்டிய ஒரே வரியும் அவளுக்குத் தெரியும். எதிரே பெஞ்சுகளில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய கணக்கில் தப்பில்லை என்பது இந்த அறையில் தெரியாதவர் ஒருவர்தான்.

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் எவ்வளவு ஆசையாக இருந்தது. அத்தானுக்காக இல்லை, அறைக்காகவும் இல்லை. தப்பாகப் போட்டவள் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவதைத் தாங்க முடியாத அந்த இடம் அவளுக்குள் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்டாள். அதுவும் கொஞ்சம் வழவழப்பாகத்தான் இருந்தது.

சாக்பீஸைப் பலகையின் கீழ்க்கட்டையில் வைத்தாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கணக்கு எனக்கு வராது, அத்தான்."